காபி மிஷின் பாய்லரைக் கெடுப்பது கரண்ட் அல்ல, தண்ணீர்!

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருகிறவர்கள் ஆண்டாளைத் தரிசித்துவிட்டுப் பால்கோவா வாங்காமல் ஊர் திரும்புவதில்லை. 2019-ம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. பால்கோவா வாங்கியவர் அப்படியே ஒரு காபியும் கேட்பார். இராஜபாளையத்திலும் பேக்கரிக்கு வருகிறவர் பன்னோடு நுரை பொங்கும் காபியை எதிர்பார்க்கிறார். ஆகவே மளிகை, பேக்கரி, இனிப்புக் கடை நடத்தும் நம் வணிகர்களில் சிலர், வீட்டு உபயோகத்திற்கென்று விற்கப்படும் சிறிய எஸ்பிரஸ்ஸோ காபி மிஷினைக் கடை மேஜையில் வைத்து வியாபாரம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வாங்கித் தந்த மிஷின் வீட்டு அடுப்படியில் இருப்பதும் இப்போது புதுமை அல்ல.

வியாபாரத்தைப் பெருக்க நினைப்பது நல்லதே. ஆனால் இந்த மிஷினின் உயிர் அதன் வயிற்றில் இருக்கும் பாய்லரில் இருக்கிறது. பாய்லர் போனால் மிஷின் வெறும் தகரப் பெட்டிதான். பழுதாகி நின்றதும் "லோ வோல்டேஜ்", "கரண்ட் கோளாறு" என்று மின்சார வாரியத்தின் மீது பழி போடுகிறோம். பெரும்பாலும் குற்றவாளி நாம் ஊற்றிய தண்ணீர். இதைப் புரிந்து கொண்டால் செலவும் மிச்சம், ஆபத்தும் விலகும்.

நாள் முழுதும் அடுப்பில் இருக்கும் குக்கர்

எஸ்பிரஸ்ஸோ மிஷின் இத்தாலியில் பிறந்தது. 1884-ல் தூரின் நகரத்து ஆஞ்சலோ மோரியோண்டோ என்பவர் ஆவியால் காபி இறக்கும் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். 1901-ல் மிலான் நகரத்து லூய்ஜி பெட்ஸேரா கோப்பை கோப்பையாக இறக்கும் இயந்திரத்தைக் கொண்டு வந்தார். அன்று ஆவியின் அழுத்தமே தண்ணீரைக் காபித்தூள் வழியாகத் தள்ளியது. இன்றைய மிஷினில் அந்த வேலையைப் பம்பு செய்கிறது. ஆவி பாலைச் சூடாக்கி நுரைக்க வைக்க மட்டுமே பயன்படுகிறது.

அட்டைப் பெட்டியின் மேல் "15 பார்" என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது பம்பு தண்ணீரைத் தள்ளும் அழுத்தம். ஆவியின் அழுத்தம் அல்ல. ஆவி பாய்லரில் சாதாரணமாக ஒன்று முதல் ஒன்றரை பார் அழுத்தம்தான் இருக்கும். இது நம் வீட்டுப் பிரஷர் குக்கரில் உள்ள அழுத்தத்திற்கு ஏறக்குறையச் சமம். உள்ளே தண்ணீரின் வெப்பம் சுமார் 120 டிகிரி. குக்கரை நாம் அரை மணி நேரத்தில் இறக்கி விடுகிறோம். காபி மிஷினோ காலை ஆறு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை அதே அழுத்தத்தில் நிற்கிறது. ஆகவே குக்கருக்குக் காட்டும் கவனத்தைவிட அதிகமாகவே இதற்குக் காட்ட வேண்டும்.

விலை குறைந்த மிஷின்கள் பலவற்றில் பாய்லரே கிடையாது. அலுமினியக் கட்டிக்குள் மெல்லிய குழாய்ப் பாதை மட்டும் இருக்கும். இதைத் தெர்மோபிளாக் என்பார்கள். இதில் தண்ணீர் தேங்காது. ஆனால் பாதை குறுகலானது என்பதால் உப்புப் படிந்து அடைத்துக் கொள்ளும். வாங்கும்போதே எந்த வகை என்று கேட்டுத் தெரிந்து கொள்வது நலம்.

நோயின் மூலம் உப்பு

தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து சூடு பட்டதும் பிரிந்து வெள்ளைப் படிவாகப் பாத்திரத்தில் ஒட்டிக் கொள்கிறது. வெந்நீர் வைக்கும் அண்டாவின் அடியிலும் இட்லிப் பானையின் ஓரத்திலும் நாம் தினமும் காண்பது இதைத்தான். காபி மிஷினில் மூடிய பாய்லருக்குள் இது நடப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

செம்பு வெப்பத்தைக் கடத்தும் வேகத்தில் இந்தப் படிவு நூறில் ஒரு பங்குகூடக் கடத்தாது. மிஷினுக்குள் தண்ணீரில் மூழ்கியிருக்கும் ஹீட்டர் கம்பியின் மேல் இப்படிவு போர்வை போல மூடினால், கம்பியின் சூடு தண்ணீருக்குப் போக வழியின்றி உள்ளேயே அடைபடும். கம்பி அளவுக்கு மீறிச் சுட்டு, மேலுறை வெடித்து, ஒருநாள் நின்று விடும். கேஸ் அடுப்பில் வைக்கும் டீக்கடை பாய்லரில் வேறு விதம். அங்கே படிவு சேர்ந்தால் நெருப்பின் சூடு தண்ணீரில் ஏறாமல் வெளியே வீணாகும். சிலிண்டர் சீக்கிரம் தீரும்.

வணிகர்களாகிய நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கோப்பைப் பாலை நுரைக்கச் சுமார் 10 கிராம் ஆவி செலவாகிறது. நாளொன்றுக்கு 100 கோப்பை விற்றால் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போகிறது. ஆவி போகும், உப்பு போகாது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள போர்வெல் தண்ணீராக இருந்தால் தினமும் அரை கிராம், மாதம் 15 கிராம், ஆண்டுக்கு 180 கிராமுக்கு மேல் பாய்லருக்குள் வரவு வைக்கப்படுகிறது. அதில் பாதிதான் கல்லாகப் படியும் என்று வைத்துக் கொண்டாலும், ஒரு லிட்டர் கொள்ளும் பாய்லருக்குள் 90 கிராம் சுண்ணாம்பு! செலவே எழுதாமல் வரவு மட்டும் எழுதிய பேரேடு போல அது ஏறிக் கொண்டே போகும்.

எந்தத் தண்ணீரை ஊற்றலாம்?

நம் இரு ஊர்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருப்பவை. மழைக் காலத்தில் மலையிலிருந்து இறங்கும் ஆற்றுத் தண்ணீரில் பொதுவாக உப்புக் குறைவு. இராஜபாளையத்தின் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் அத்தகைய மலைத் தண்ணீரைத்தான் தேக்கி வைக்கிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் அப்படி அல்ல. ஒரே தெருவில் இரண்டு கிணறுகளின் தண்ணீர்கூட வேறுபடும். கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்க உப்பு ஏறுவதும் உண்டு. குழாயில் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீரை மிஷினில் ஊற்றுவதுதான் பல பாய்லர்களுக்குக் கேடாக முடிகிறது.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தர விதிப்படி, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கப்படுகிறது. மனிதர் குடிக்க 600 வரை பொறுத்துக் கொள்ளலாம், பாய்லர் பொறுக்காது. காபி மிஷினுக்கு 50 முதல் 100 மில்லிகிராமுக்குள் இருந்தால் உத்தமம்.

கையடக்கமான டி.டி.எஸ். மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். அது எல்லா உப்புகளையும் சேர்த்துக் காட்டும். சுண்ணாம்பு எவ்வளவு என்று தனியே சொல்லாது. கடினத்தன்மையைச் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் சோதனைப் பெட்டிகள் கிடைக்கின்றன. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடங்களிலும் கட்டணம் செலுத்தித் தண்ணீரைச் சோதித்து வாங்கலாம். கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை சோதிப்பது போதுமானது.

"அப்படியானால் ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றி விடலாமே?" என்று கேட்கலாம். இங்கும் ஒரு சிக்கல் உண்டு. தானாகத் தண்ணீர் ஏற்றிக் கொள்ளும் மிஷின்களில், நீர்மட்டம் அறிய ஒரு கம்பி பாய்லருக்குள் நிற்கும். தண்ணீர் வழியே மெல்லிய மின்சாரம் பாய்ந்தால்தான் "தண்ணீர் இருக்கிறது" என்று அது அறியும். உப்பே இல்லாத தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது. மிஷின், பாய்லர் காலி என்று எண்ணி மேலும் மேலும் நிரப்பும்; ஆவிக் குழாயில் தண்ணீர் கொட்டும். மேலும், மிக மென்மையான தண்ணீர் செம்பை மெல்ல அரிக்கக் கூடியது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் அறவே கூடாது. ஆர்.ஓ. தண்ணீரில் கொஞ்சம் குழாய்த் தண்ணீரைக் கலந்து, சோதித்துப் பார்த்து, மேற்சொன்ன அளவுக்குக் கொண்டு வருவதே சரியான வழி. கேன் தண்ணீர் வாங்குகிறவர்களும் ஒரு முறை சோதித்துக் கொள்ள வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும்.

கல் உப்புப் போட்டு இயங்கும் சாஃப்டனர் கருவி சுண்ணாம்பை எடுத்துவிடும். ஆனால் தண்ணீரின் உவர்ப்பைக் குறைக்காது. குளோரைடு மிகுந்த உவர்த் தண்ணீர் எவர்சில்வர் பாய்லரிலும் புள்ளி புள்ளியாக அரிப்பை உண்டாக்கும். உவர்த் தண்ணீர் உள்ள பகுதியினர் ஆர்.ஓ. கலப்பு முறையையே பின்பற்றவும்.

அறிகுறியும் காரணமும்

மிஷின் திடீரென்று கெடுவதில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கெடுகிறது. கீழ்க்கண்ட அறிகுறிகளைக் கடைப் பையனுக்கும் சொல்லி வைக்கவும்.

1. சூடேறும்போது கடகடவென்று உறுமல் சத்தம் கேட்டால், ஹீட்டர் கம்பியில் படிவு சேர்ந்துவிட்டது என்று சந்தேகிக்கலாம்.

2. சூடேற வழக்கத்தைவிட நேரமானால், முதலில் வோல்டேஜையும் பிளக் பாயின்டையும் பார்க்கவும். பிளக் சூடாக இருந்தால் இணைப்புத் தளர்ந்திருக்கிறது. அவை சரியாக இருந்தால் ஹீட்டரையும் தெர்மோஸ்டாட்டையும் சோதிக்க வேண்டும்.

3. மிஷினைப் போட்டதும் கசிவு மின்தடை சுவிட்ச் விழுந்தால், ஹீட்டரின் மேலுறை வெடித்து உள்ளே தண்ணீர் புகுந்திருக்கலாம். சுவிட்சை நீக்கி நேரடி இணைப்பு கொடுப்பது உயிருக்கு உலை வைப்பதாகும். எர்த் இல்லாத பிளக்கில் மாட்டுவதும் அப்படியே.

4. ஆவிக் குழாயில் ஆவிக்குப் பதில் தண்ணீர் பீய்ச்சினால், பாய்லர் அளவுக்கு மீறி நிரம்பியிருக்கிறது. நீர்மட்டக் கம்பியில் உப்பு மூடியிருக்கலாம். அல்லது தண்ணீரில் உப்பே இல்லாதிருக்கலாம்.

5. சேஃப்டி வால்வு அடிக்கடி ஆவி விட்டால், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பிரஷர் சுவிட்ச் ஒட்டிக் கொண்டிருக்கலாம். அல்லது அதற்குச் செல்லும் மெல்லிய குழாய் அடைத்திருக்கலாம். உடனே நிறுத்தி மெக்கானிக்கை அழைக்கவும்.

6. இணைப்புகளில் வெள்ளைப் பொருக்கு கண்டால் அங்கே கசிவு. பச்சை அல்லது நீலக் களிம்பு கண்டால் செம்பு அரிக்கப்படுகிறது.

7. வெந்நீரில் கெட்ட பால் வாடை வந்தால், பால் பாய்லருக்குள் போய்விட்டது. பாய்லர் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, பாலில் மூழ்கியிருக்கும் ஆவிக் குழாய் வழியே பாலை இழுத்துக் கொள்ளும். இதைத் தடுக்கவே ஒரு சிறு காற்று வால்வு வைத்திருப்பார்கள். அது ஒட்டிக் கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தத் தண்ணீரை யாருக்கும் கொடுக்கலாகாது.

இவை எல்லாவற்றையும்விடக் கொடியது, தண்ணீர் தீர்ந்த பின்னும் மிஷின் சூடேறிக் கொண்டிருப்பது. காய்ந்த ஹீட்டர் நொடிகளில் கருகிவிடும். சுட்டுக் கிடக்கும் பாய்லரில் உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். மின்சாரத்தை நிறுத்தி, முழுவதும் ஆறவிட்டு, பிறகு சோதிக்கவும். பழைய டீக்கடை பாய்லருக்குள் காசு ஒன்றைப் போட்டு வைக்கும் வழக்கம் உண்டு. கொதிப்பில் அது குலுங்கும் சத்தத்தைக் கேட்டே உள்ளே நடப்பதை மாஸ்டர் அறிந்து கொள்வார். காபி மிஷினில் காசு போட முடியாது. ஆனால் அந்த மாஸ்டரின் காது நமக்கும் வேண்டும்.

எலுமிச்சை உப்பு வைத்தியம்

படிவை நீக்கும் மருந்து நம் மளிகைக் கடை அலமாரியிலேயே இருக்கிறது. அதுதான் எலுமிச்சை உப்பு என்கிற சிட்ரிக் ஆசிட். மிஷினோடு வந்த கையேட்டை முதலில் படிக்கவும். பாய்லரை நீங்களே சுத்தம் செய்யக் கூடாது என்று அதில் இருந்தால் கம்பெனி மெக்கானிக்கிடம் விட்டு விடவும். அனுமதி இருந்தால் கீழ்க்கண்டவாறு செய்யலாம்.

மின்சாரத்தை நிறுத்தி மிஷினை ஆறவிடவும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 20 முதல் 30 கிராம் எலுமிச்சை உப்பைக் கரைக்கவும். கையேட்டில் சொன்ன முறைப்படி அதைப் பாய்லருக்குள் செலுத்தி, அரை மணி நேரம் விட்டு வெளியேற்றவும். கொதிக்க வைக்க வேண்டாம். அதிகச் சூட்டில் கரைந்த சுண்ணாம்பே வேறு உருவில் மீண்டும் படியக் கூடும். வெளிவரும் தண்ணீர் நீலம் பாரித்தால் செம்பே கரைகிறது என்று பொருள், உடனே நிறுத்தவும். பின்னர் நல்ல தண்ணீரால் மூன்று முறையாவது அலசவும். வெளிவரும் தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டுப் பாருங்கள். பொங்கினால் புளிப்பு இன்னும் இருக்கிறது, மேலும் அலசவும். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

அலுமினியப் பாகம் உள்ள மிஷினில் இந்தக் கரைசலை நெடுநேரம் விடலாகாது. கழிப்பறை கழுவும் ஆசிட்டை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள். அது படிவோடு உலோகத்தையும் தின்றுவிடும், புகையும் தீங்கானது. பல ஆண்டு சேர்ந்த கனத்த படிவையும் நீங்களாகக் கரைக்க முற்பட வேண்டாம். பெயர்ந்த சில்லுகள் குழாய்களை அடைத்துவிடும். அப்படிப்பட்ட பாய்லரைத் திறந்துதான் சுத்தம் செய்ய வேண்டும்.

சேஃப்டி வால்வில் கை வைக்காதீர்கள்

ஒரு லிட்டர் தண்ணீர் முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 1,600 லிட்டர் இடத்தை அடைக்கும். மூடிய பாத்திரம் பிளந்தால் அந்த விரிவு கண நேரத்தில் நிகழ்கிறது. 2025 பிப்ரவரியில் கொச்சி கலூர் பகுதியில் ஓர் உணவகத்தில் இட்லி வேகவைக்கும் ஸ்டீமர் வெடித்து, வெளிமாநிலத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார், சிலர் காயமடைந்தனர். காபி மிஷின் அளவில் சிறியதுதான். ஆனால் அது நிற்பது கடைப் பையனின் முகத்திற்கு நேரே என்பதை மறக்கலாகாது.

ஆவி கசிகிறது, சத்தம் போடுகிறது என்பதற்காகச் சேஃப்டி வால்வைக் கம்பியால் கட்டுவது, ஆணி வைத்து அடைப்பது, எம்சீல் பூசுவது, பிரஷர் சுவிட்ச் திருகைத் திருப்பி அழுத்தத்தை ஏற்றுவது ஆகிய எதையும் செய்யவும் கூடாது, பிறர் செய்ய விடவும் கூடாது. குக்கர் வெயிட்டை அமுக்கிப் பிடித்துக் கொண்டு யாரும் சமைப்பதில்லை. வால்வு பழுதானால் அதே அளவுள்ள புதிய வால்வைப் போடுவதே முறை.

சட்டமும் வாரண்டியும்

1923-ம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் சட்டத்திற்குப் பதிலாகக் கொதிகலன்கள் சட்டம், 2025 வந்துள்ளது. 25 லிட்டருக்குக் குறைவான கொள்ளளவு உள்ள பாத்திரம் இச்சட்டப்படி கொதிகலன் ஆகாது. எனவே வீட்டு காபி மிஷினுக்குப் பதிவோ ஆய்வோ தேவையில்லை. ஆய்வாளர் வரமாட்டார் என்பதனாலேயே கடைக்காரர்தான் தம் மிஷினுக்கு ஆய்வாளர்.

வீட்டு உபயோக மிஷினைக் கடையில் வைத்தால் பெரும்பாலான கம்பெனிகள் வாரண்டி தருவதில்லை. உப்புப் படிவால் வந்த பழுதையும் ஏற்பதில்லை. வாங்கும் முன் வாரண்டி அட்டையைப் படிக்கவும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வியாபார நோக்கில் பொருள் வாங்குகிறவரை நுகர்வோராகக் கருதுவதில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியவருக்கு விலக்கு உண்டு. ஆகவே பில்லைப் பத்திரப்படுத்துங்கள். மிஷின் விற்கும் வணிகர்களும், "கடைக்கா, வீட்டுக்கா? என்ன தண்ணீர்?" என்று கேட்டு விற்றால் பின்னால் வரும் சண்டை குறையும்.

தினமும் செய்ய வேண்டியவை

காலையில் தண்ணீர் நிரப்பிய பின்பே சுவிட்சைப் போடவும். ஒவ்வொரு முறை பால் காய்ச்சிய பின்பும் ஆவிக் குழாயை ஈரத் துணியால் துடைத்து, ஒரு நொடி ஆவியைத் திறந்து விடவும். பாய்லரிலிருந்து வெந்நீர் எடுக்கும் குழாய் இருந்தால் தினமும் இரண்டு டம்ளர் வெந்நீரை வெளியே எடுக்கவும். உள்ளே சேரும் உப்பில் ஒரு பங்கு அதோடு போய்விடும். இரவில் மறவாமல் நிறுத்தவும்.

மிஷினுக்கென்று ஒரு சிறு நோட்டுப் போடுங்கள். வாங்கிய அன்று சூடேற எத்தனை நிமிடம் ஆனது, தண்ணீரின் கடினத்தன்மை எவ்வளவு, எலுமிச்சை உப்பு வைத்தியம் செய்த தேதி, மெக்கானிக் மாற்றிய பாகம் ஆகியவற்றை அதில் எழுதி வாருங்கள். கடன் கணக்கைப் பேரேட்டில் எழுதாத வணிகர் நம்மில் இல்லை. பாய்லரும் நமக்கு ஒரு வாடிக்கையாளர்தான். நாம் ஊற்றும் தண்ணீரைக் கணக்கு வைத்துக் கொண்டு, ஒரு நாள் மொத்தமாகப் பில் நீட்டுவார். அந்தப் பில் வராமல் பார்த்துக் கொள்வது நம் கையில் இருக்கிறது.